நீதிக்கதைகளில் சிங்கம் ஏன் இவ்வளவு எளிதில் ஏமாறுகிறது?

நெடுவழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சிறுவர்களுக்கு வாசித்துக் காட்டுவதற்கென்று விலங்குக் கதைகளைச் சில மாதங்களாகத் தொகுத்து வருகிறேன். விலங்குவாரியாகப் பிரித்து அடுக்கியபோது சிங்கத்தின் கட்டுதான் எல்லாவற்றிலும் பருத்திருந்தது. அந்தக் கட்டை மட்டும் எடுத்து முதலிலிருந்து இறுதிவரை தொடர்ந்து வாசித்த பிறகு எழுந்த ஐயத்தை இங்கே வைக்கிறேன்.

நம் மொழியில் சிங்கத்துக்கு இருக்கும் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. அரசன் அமரும் இருக்கைக்கு அரியணை என்று பெயர். அந்த ‘அரி’ சிங்கம்தான். ‘அரசருள் ஏறு’ என்று திருவள்ளுவர் சொல்லும் இடத்தில் ஆண் சிங்கம் போன்றவன் என்றே மு. வரதராசனார் பொருள் எழுதினார். சூத்திரங்கள் அமையும் நிலைகளைச் சொல்லும் நன்னூலும் அவற்றுள் ஒன்றுக்கு அரிமா நோக்கம் என்று பெயர் தருகிறது. இவ்வளவு பெருமையோடு கதைக்குள் நுழையும் சிங்கம் அங்கே செய்வதெல்லாம் பெரும்பாலும் ஏமாறுவதுதான். முயலின் பேச்சை நம்பிக் கிணற்றில் குதிக்கிறது. ‘குகையே, ஏன் இன்று பதில் சொல்லவில்லை?’ என்று நரி கேட்க, தனக்கு அஞ்சித்தான் குகை வாய் திறக்கவில்லை என்று எண்ணி, உள்ளே ஒளிந்திருந்த சிங்கம் குகைக்குப் பதிலாகத் தானே குரல் கொடுத்து, வாசல்வரை வந்த இரையை இழக்கிறது. உழவனின் மகள்மேல் ஆசைப்பட்டுப் பல்லையும் நகத்தையும் களைந்துவிட்டு வந்து அடி வாங்குகிறது. கொசுவோடு போரிட்டுத் தன் முகத்தைத் தானே கீறிக்கொள்கிறது. முதுமையில் கழுதையிடம் உதை வாங்குவதும் உண்டு.

எளியவர்கள் படைத்த கதைகள் என்பதால் வலியவனைக் கவிழ்த்துப் பார்த்து மகிழ்ந்தார்கள் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். ஆனால், பஞ்சதந்திரமோ அமரசக்தி என்னும் அரசனின் மூன்று மகன்களுக்கு விஷ்ணுசர்மா கற்பித்ததாகத் தொடங்குகிறது. அரசகுமாரர்களுக்குப் பாடம் சொல்ல வந்தவர், அரசனாகிய சிங்கத்தை ஏன் இப்படி ஓர் அசடாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்? இதற்கு நிறைவான விளக்கம் கிடைத்தால், தொகுப்பில் இந்தக் கதைகளை எந்த வரிசையில் வைப்பது என்பதும் எனக்குத் தெளிவாகிவிடும்.

சுவடிக்கூடம்:

கதையைக் கேட்டவர் யார் என்பதைக் கொண்டு சிங்கக் கதைகளை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும் என்று நினைக்கிறேன்.

முதலில், பஞ்சதந்திரத்தின் சிங்கம் அசடு என்பதை நான் ஏற்கவில்லை. முதல் தந்திரமாகிய மித்திரபேதத்தில் வரும் பிங்கலகன் என்னும் சிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீர் குடிக்க யமுனைக் கரைக்கு வருகிறது. வணிகன் ஒருவன் விட்டுச் சென்ற சஞ்சீவகன் என்னும் எருதின் முழக்கத்தைக் கேட்கிறது. அப்படியொரு குரலை அதுவரை கேட்டிராததால் தண்ணீர் குடிக்காமலே திரும்பி, ஆலமரத்தடியில் பரிவாரத்தைச் சுற்றி நிறுத்திக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. அஞ்சியது பெரிய குற்றம் அன்று. அந்த அச்சத்தை ஒருவரிடமும் சொல்ல முடியாமல் இருப்பதுதான் அதன் இக்கட்டு, ஏனென்றால் அரசன் அஞ்சுகிறான் என்பது வெளியே தெரிந்தால் ஆட்சியே ஆட்டம் கண்டுவிடும். பதவி இழந்த அமைச்சரின் மகனாகிய தமனகன் என்னும் நரி அந்த அச்சத்தை நடையிலும் முகத்திலும் படித்துவிடுகிறது. அதன் பிறகு சிங்கத்தையும் எருதையும் நண்பர்களாக்குவதும் அந்த நரிதான், தன் செல்வாக்குக் குறைந்தவுடன் இருவரையும் பிரிப்பதும் அந்த நரிதான். நண்பனைக் கொன்றுவிட்டு வருந்தி நிற்கும் சிங்கத்தைத் தேற்றி, இறுதியில் அமைச்சுப் பதவியில் அமர்ந்துகொள்வதும் அதுவே. இதே தந்திரத்தில் மதோற்கடன் என்னும் இன்னொரு சிங்கம் வருகிறது. ஒட்டகத்துக்கு அபயம் கொடுத்தேன், கொல்ல மாட்டேன் என்று பசியிலும் உறுதியாக நிற்கும் அந்தச் சிங்கத்தை, ‘அவனே தன்னை உண்ணும்படி வேண்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?’ என்ற இடத்துக்கு அதன் பரிவாரம் மெல்ல நகர்த்திக்கொண்டு வருகிறது. நாளை அரசாளப் போகிறவனுக்கு இதைவிடத் தேவையான பாடம் இருக்க முடியாது. உன் வலிமையால் நீ கெட மாட்டாய், உன் அருகில் இருப்பவர்களால் கெடுவாய் என்பதைச் சொல்ல வேண்டுமானால், சிங்கத்தைத்தான் ஏமாற வைக்க வேண்டும்; முயல் ஏமாந்தால் அதில் அரசகுமாரனுக்குக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 6 ஆம் நூற்றாண்டில் பாரசீக அரசன் குஸ்ரோ அனுஷிர்வான் காலத்தில் புர்சோய் பஞ்சதந்திரத்தைப் பகலவி மொழிக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து 8 ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃப்பா ‘கலீலா வ திம்னா’ என்ற பெயரில் அரபு மொழியில் தந்தார். தமனகன் தண்டனையின்றித் தப்பிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை போலும். திம்னாவின் (தமனகனுக்கு அரபில் அதுதான் பெயர்) விசாரணை என்று ஓர் இயலையே புதிதாகச் சேர்த்து, சிங்கத்தின் தாயை வரவழைத்து, உண்மையை வெளிப்படுத்தி, நரிக்குத் தண்டனை வாங்கித் தந்தார். எனக்கு அந்த இயலைவிடப் பஞ்சதந்திரத்தின் கசப்பான முடிவுதான் உண்மைக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

இரண்டாவது குடும்பம் ஈசாப்பின் பெயரால் வழங்குவது. ஈசாப்பே அடிமையாக இருந்தவர் என்பது மரபு. அந்தக் கதைகளை லத்தீன் செய்யுளில் எழுதிய ஃபீட்ரஸ் அகஸ்டஸ் பேரரசரிடம் விடுதலை பெற்ற அடிமை. மனத்தில் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லத் துணியாத அடிமை அதைக் கதைக்குள் வைத்துச் சொன்னான், நீதிக்கதை பிறந்தது அப்படித்தான் என்று அவரே தம் மூன்றாம் நூலின் முன்னுரையில் எழுதுகிறார். அவருடைய சிங்கம் ஏமாறுவதில்லை, பறித்துக்கொள்கிறது. பசு, ஆடு, செம்மறி ஆகியவற்றோடு கூட்டுச் சேர்ந்து பிடித்த மானை நான்காகப் பங்கிட்டுவிட்டு, முதல் பங்கு என் பெயர் சிங்கம் என்பதற்காக, இரண்டாவது நான் உங்கள் கூட்டாளி என்பதற்காக, மூன்றாவது நான் வலியவன் என்பதற்காக, நான்காவதைத் தொடுபவன் தொலைந்தான் என்று சொல்லி முடித்துவிடுகிறது. இதில் அறிவுரை பெறுவது சிங்கம் அன்று, ஆடு. வலியவனோடு கூட்டுச் சேராதே என்பதை அடிமை அடிமைக்குச் சொல்கிறான்.

ஆகவே அரசவையின் கதையில் ஏமாறும் சிங்கம், அடிமையின் கதையில் பறிக்கும் சிங்கம் என்று தங்கள் தொகுப்பை இரண்டு பகுதிகளாக அமைக்கலாம்.

மறுபக்கம்:

சுவடிக்கூடம் அவர்களின் பகுப்பு அழகாக இருக்கிறது. அளவுக்கு மேல் அழகாக இருக்கிறது என்பதுதான் என் தயக்கம். நாள்தோறும் ஒரு விலங்கு என்று முறை வைத்து இரையாகப் போகும் காட்டில், தன் முறை வந்த நாளில் சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துச் செல்லும் முயலின் கதை அரசவைக் கதையா? அது முழுக்க முழுக்க இரையாகிறவர்களின் கதை. பஞ்சதந்திரம் அதைத் தமனகனின் வாயில் வைத்துச் சொல்லிவிட்டதால் மட்டும் அதன் பிறப்பு மாறிவிடாது. மறுபக்கத்தில், நோயுற்ற சிங்கத்துக்காக மானை இரண்டு முறை ஏமாற்றி அழைத்து வரும் நரி, அதன் இதயத்தைத் தானே தின்றுவிட்டு, இரண்டாம் முறையும் சிங்கத்தின் குகைக்கு வந்த மானுக்கு இதயம் எப்படி இருந்திருக்கும் என்று கேட்கும் கதை கிரேக்கச் செய்யுளில் இருக்கிறது. அங்கே சிங்கம்தான் ஏமாறுகிறது. பஞ்சதந்திரத்தில் இதே கதை மானுக்குப் பதில் கழுதையோடு வருகிறது. நரி இதயத்தோடு காதுகளையும் தின்றுவிடுகிறது.

அதோடு, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளை இருவருமே விட்டுவிட்டீர்கள். 547 ஜாதகங்களில் 322 ஆவதாகிய தத்தப ஜாதகத்தில் சிங்கம்தான் போதிசத்துவர், அதாவது பின்னால் புத்தராகப் பிறக்கப் போகிறவர். பனங்குருத்தின் அடியில் படுத்திருந்த முயல், வில்வப்பழம் ஒன்று ஓலைமேல் விழுந்த ஓசையைக் கேட்டு, பூமி இடிந்து விழுகிறது என்று ஓடத் தொடங்க, அதன் பின்னே காடே ஓடுகிறது. சிங்கம் மட்டும் ஓடவில்லை. குறுக்கே நின்று மும்முறை முழங்கி எல்லாவற்றையும் நிறுத்தி, ‘உனக்கு யார் சொன்னது? உனக்கு யார் சொன்னது?’ என்று ஒவ்வொரு கூட்டமாகக் கேட்டுக்கொண்டே வந்து, இறுதியில் அந்த ஒற்றை முயலை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்ப் பழத்தைக் காட்டுகிறது. வதந்தியை ஆராய்வதற்கு இதைவிடத் தெளிவான கதையை நான் படித்ததில்லை. இந்தச் சிங்கத்தைத் தங்கள் இரண்டு பகுதிகளில் எதில் வைப்பீர்கள்?

கதைக்கோல்:

நான் ஆய்வாளன் அல்லன். பல ஆண்டுகளாகச் சிறுவர்கள் முன்னால் கதைகளை உரக்கச் சொல்லி வருபவன். அதனால் எனக்குத் தெரிகிற ஒன்றைச் சொல்கிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள்.

கதையை உரக்கச் சொல்கிறவனுக்கு எந்த இடத்தில் குரலை மாற்ற வேண்டும் என்பதுதான் முதல் கவலை. சிங்கக் கதைகளில் அந்த இடம் எப்போதும் ஒரே மாதிரி வருகிறது. மேலே பேசப்பட்ட கதைகளையே வரிசையாகப் பாருங்கள். பிங்கலகன் கேட்டது எருதின் முழக்கம். கிணற்றுக்குள் சிங்கம் பார்த்தது தன் நிழலை மட்டும் அன்று. அது முழங்க, கிணறு அந்த முழக்கத்தை இரட்டிப்பாகத் திருப்பித் தந்தது, அதன் பிறகுதான் பாய்ந்தது. குகைக் கதையில் சிங்கத்தைக் காட்டிக்கொடுத்தது அதன் குரலேதான். தத்தப ஜாதகத்தில் பழம் விழுந்த ஓசை. தமனகன் பிங்கலகனுக்குத் தைரியம் சொல்வதற்காக எடுத்துக் கூறும் கதையும் ஓசையைப் பற்றியதுதான்: போர்க்களத்தில் கிடந்த முரசு மரக்கிளை பட்டு ஒலிக்க, பசியோடு வந்த நரி நடுங்கிப்போய், பிறகு கிட்டே சென்று பார்த்தால் அங்கே தோலும் மரமும்தான் இருக்கின்றன.

ஈசாப்பிடம் போனாலும் இதுதான். தவளையின் குரலைக் கேட்டுப் பெரிய விலங்கு என்று எண்ணித் திரும்பிப் பார்த்த சிங்கம், அது நீரிலிருந்து வெளியே வந்ததும் மிதித்துவிட்டுப் போகிறது. சேவல் கூவினால் சிங்கம் ஓடும் என்று ஒரு கதை. அதைக் கண்டு, தனக்குத்தான் அஞ்சி ஓடுகிறது என்று எண்ணித் துரத்திக்கொண்டு போன கழுதை, சேவலின் குரல் எட்டாத தூரம் வந்தவுடன் சிங்கத்துக்கு இரையாகிறது. சிங்கத்தோடு வேட்டைக்குப் போன கழுதை குகைக்குள் நின்று கத்தி ஆடுகளை வெளியே விரட்டிவிட்டு, எப்படி என் முழக்கம் என்று கேட்க, ‘நீ கழுதை என்று தெரியாமல் இருந்திருந்தால் நானே அஞ்சியிருப்பேன்’ என்கிறது சிங்கம். சிங்கத்தோல் போர்த்த கழுதை அகப்படுவதும் கத்தியதால்தான். (பஞ்சதந்திரத்தில் அது புலித்தோல். நம் குறளில் புலித்தோல் போர்த்துக்கொண்டு மேய்வது பசு. வள்ளுவர் அந்தப் பசுவைக் கத்தவிடாமல் அப்படியே மேயவிட்டுவிட்டார், அதை நான் எப்போதும் வியந்திருக்கிறேன்.)

என் எண்ணம் இதுதான். சிங்கத்தின் பல்லையும் நகத்தையும் கதைகள் சோதிப்பதே இல்லை; அவை கேட்பவருக்கு முன்பே தெரிந்தவை. சோதிக்கப்படுவது அதன் காதுதான். முழக்கத்தால் மற்றவர்களை நடுங்க வைக்கிற விலங்கு, தான் கேட்ட ஒலியை என்ன செய்கிறது என்பதே கதை. பிங்கலகன் கேட்டான், விசாரிக்க நரியை அனுப்பினான், பிறகு அந்த நரி சொன்னதையே நம்பினான். போதிசத்துவச் சிங்கம் கேட்டது, தானே போய்ப் பார்த்தது. தவளையின் குரலைக் கேட்ட சிங்கமும் பொறுத்திருந்து பார்த்த பிறகுதான் மிதித்தது. இப்படிப் பார்த்தால் அரசவை, அடிமை என்ற பிரிவு இல்லாமலே எல்லாச் சிங்கங்களையும் ஒரே வரிசையில் நிறுத்த முடிகிறது. பங்கு பிரிக்கும் சிங்கம் மட்டும் இதில் அடங்காது. அது யார் பேச்சையும் கேட்கவே இல்லை.

புல்வெளி:

கதைக்கோல் அவர்கள் சொன்னதைப் படித்தவுடன், உயிரியல் பக்கத்திலிருந்து ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தெரியாத முழக்கத்தைக் கேட்டு நின்று தயங்குவது சிங்கத்தின் கோழைத்தனம் அன்று, அதன் இயல்பு. சிங்கத்தின் முழக்கம் 8 கிலோமீட்டர் தூரம்வரை கேட்கக்கூடியது. தன் எல்லையை அறிவிக்கவும் பிரிந்துபோன கூட்டாளிகளுக்குத் தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கவும் அது முழங்குகிறது. கேரன் மெக்கோம்பும் அவருடைய ஆய்வுத் துணைவர்களும் செரெங்கெட்டிப் புல்வெளியில், அயல் பெண் சிங்கங்களின் முழக்கத்தைப் பதிவு செய்து ஒலிபெருக்கி வழியே ஒலிக்கச் செய்து, அங்குள்ள பெண் சிங்கங்கள் என்ன செய்கின்றன என்று கவனித்தார்கள். முடிவுகள் 1994 இல் வெளிவந்தன. ஒரு சிங்கத்தின் குரலை நோக்கி நெருங்கிச் சென்ற கூட்டங்கள், மூன்று சிங்கங்களின் குரல் ஒன்றாகக் கேட்டபோது தயங்கின. தங்கள் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் அவை கணக்கில் எடுத்துக்கொண்டன. யமுனைக் கரையிலிருந்து திரும்பிப் பரிவாரத்தைக் கூட்டிக்கொண்ட பிங்கலகனை இனி யாரும் கேலி செய்ய வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மற்றபடி, கதைகளின் சிங்கம் உண்மையான சிங்கத்திலிருந்து வெகு தூரம் விலகித்தான் நிற்கிறது. அடர்ந்த காட்டின் அரசன் என்கிறோம். அது விரும்பி வாழ்வது திறந்த புல்வெளியும் புதர்க்காடும். கதையில் தனியாகக் குகையில் கிடக்கிறது. உண்மையில் பூனைக் குடும்பத்திலேயே கூட்டமாக வாழும் விலங்கு அதுதான். அந்தக் கூட்டத்தின் நிலையான உறுப்பினர்கள் உறவுமுறையுள்ள பெண் சிங்கங்கள்; வேட்டையின் பெரும்பகுதியும் அவற்றுடையதே. நீதிக்கதைகளிலோ பெண் சிங்கத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நரிக்குட்டியைத் தன் குட்டிகளோடு வளர்க்கும் ஒன்று, ஒரே குட்டி ஆனாலும் அது சிங்கம் என்று பதில் சொல்லும் ஒன்று, மேலே சொல்லப்பட்ட அரபுத் தாய் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஃபீட்ரஸின் பறிக்கும் சிங்கத்தை மட்டும் இயற்கை கைவிடவில்லை. பெண் சிங்கங்கள் வீழ்த்தியதை ஆண் சிங்கம் வந்து ஆக்கிரமித்துக்கொள்வது வழக்கமான காட்சி. கழுதைப்புலிகளின் இரையைச் சிங்கங்கள் பறித்துண்பதையும், பொதுவாக நாம் நம்புவதற்கு மாறாக, தான்சானியாவின் இங்கொரோங்கோரோவில் ஹான்ஸ் குரூக் 1960களில் செய்த ஆய்வு விரிவாகக் காட்டியது.

நெடுவழி:

நான் எதிர்பார்த்ததைவிட மிகுதியாகவே கிடைத்துவிட்டது, அனைவருக்கும் நன்றி. காது என்ற கண்ணால் பார்த்தபோது கழுதையின் காதுகளை நரி தின்றுவிடும் கதை எனக்கு முற்றிலும் வேறாகத் தெரிந்தது. காதும் இதயமும் எங்கே என்று சிங்கம் கேட்க, ‘இருந்திருந்தால் உன்னை ஒருமுறை கண்ட பிறகு திரும்பி வந்திருக்குமா?’ என்று நரி சொல்லும்போது, அந்தப் பதிலைக் கேட்டு நம்பி எஞ்சியதைப் பங்கிட்டுக்கொள்கிற சிங்கத்துக்கும் காது இருந்து பயனில்லை என்றுதான் கதை சொல்கிறது போலும்.

வரிசையைப் பற்றி இப்படி எண்ணியிருக்கிறேன். பிங்கலகனை முதலிலும் தத்தப ஜாதகத்தை அதற்கு அடுத்தும் வைத்துவிட்டால், இரண்டு சிங்கங்களும் ஓர் ஓசையைக் கேட்டு வேறு வேறு வழியில் போவதைச் சிறுவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை. குகைக் கதையை அதற்குப் பிறகு வைக்கிறேன், ஏனென்றால் அதை வாசிக்கும்போது குழந்தைகள் சிங்கத்தை முந்திக்கொண்டு பதில் குரல் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு சிறு ஐயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. பஞ்சதந்திரத்தில் அமைச்சனாக வருவதும் ஈசாப்பின் கதைகளில் வருவதும் ஒரே நரிதானா? தமிழில் இரண்டையும் நரி என்றே எழுதிவிடுகிறோம்.

சுவடிக்கூடம்:

இரண்டும் வேறு. பஞ்சதந்திரத்தின் நரி நாம் குள்ளநரி என்று சொல்லும் விலங்கு; ஈசாப்பினுடையது அதைவிடச் சிறிய, செந்நிற வால் கொண்ட நரி. ‘நரி’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால், மராத்தியிலிருந்து தாண்டவராய முதலியார் செய்து 1826 இல் வெளிவந்த பஞ்சதந்திர உரைநடையில் தொடங்கிப் பள்ளிப் பாடநூல்கள்வரை தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாடு தெரியாமலே போயிற்று. சிங்கத்தைப் பொறுத்தவரை இது முக்கியமானது. குள்ளநரி பெரிய விலங்கு உண்டு முடித்த மிச்சத்துக்காகச் சுற்றிச் சுற்றி வரும் விலங்கு. அரசனை அண்டிப் பிழைக்கும் அமைச்சன் வேடம் அதற்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஈசாப்பின் நரிக்கு அந்தத் தேவை இல்லை, அதனால்தான் நோயுற்ற சிங்கத்தின் குகைவாசலில் நின்று, உள்ளே போன கால்தடங்கள் தெரிகின்றன, வெளியே வந்தவை தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அதனால் நடந்துவிட முடிகிறது.

மறுபக்கம் அவர்களின் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். என் இரண்டு குடும்பங்களும் அவ்வளவு உறுதியான சுவரால் பிரிக்கப்பட்டவை அல்ல. 1678 இல் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்டேன் வெளியிட்ட கொள்ளைநோய்க் கதையை வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். ஆடுகளை மட்டுமன்றிச் சில வேளைகளில் இடையனையும் தின்றதாகச் சிங்கமே முதலில் ஒப்புக்கொள்ள, தின்றதால் ஆடுகளுக்குப் பெருமைதான் என்று நரி அதை மறைக்க, துறவிகளின் புல்வெளியில் ஒரு வாய் புல் மேய்ந்த கழுதை பலியாகிறது. அந்தச் சிங்கம் ஏமாறுகிறதா, தெரிந்தே ஏமாறுவதுபோல் இருக்கிறதா என்று என்னால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

ஃபீட்ரஸின் கதைக்குத் தலைப்பிடும்போது மட்டும் ‘சிங்கப் பங்கு’ என்று எழுத வேண்டாம். நாளிதழ்கள் அந்தத் தொடரைப் பெரும்பங்கு என்ற பொருளில் பழக்கிவிட்டன. கதையில் சிங்கம் நான்கையும் எடுத்துக்கொள்கிறது.